கருவிலே திருவா? கட்டத்திலே கற்றதா?

"இந்தப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்குத் தம்பி? உருவத்தைப் பார்த்து உள்ளிருக்கும் விதியைக் காணும் அறிவு, கருவிலேயே வரவேண்டியதாயிற்றே!"

என்னோடு பணியாற்றும் மூத்த ஆசிரியர் ஒருவர் மொழிந்த அருள்வாக்கு இது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். வென்றால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். செங்கற்சூளையில் வெந்து வரும் பெற்றோர்க்கு அது, மகளை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பத் துணிவு தரும் தொகை. அத் தேர்வின் ஒரு பாதி, மனத்திறனைச் சோதிக்கும் 90 வினாக்கள். உருவப் புதிர்கள் அங்கேதான் வருகின்றன. அந்த வாயிலைத்தான் 'கருவில் வரவேண்டியது' என்று சாத்திவிட்டுப் போகிறார் பெரியவர்!

தோழர்களே, தலையெழுத்து என்று அன்று சொன்னார்கள். இன்று மூளையின் அமைப்பு என்கிறார்கள். பூட்டு மாறியிருக்கிறது, பூட்டுகிறவர் மனம் மாறவில்லை.

இந்தப் புரட்டு மேலை நாட்டிலும் நடந்தது. பிரான்சு நாட்டு பினே 1905-இல் அறிவுச் சோதனையை அமைத்தது, பின்தங்கிய பிள்ளைக்கு உதவுவதற்காக. அறிவு கூடாது, குறையாது என்போரை அவரே கண்டித்தும் எழுதினார். அமெரிக்காவிலோ, அதே சோதனையைக் கொண்டு, கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளை அளந்தார் காடர்டு. சோதிக்கப்பட்ட யூதரிலும் இத்தாலியரிலும் ஐந்தில் நால்வர் மந்தபுத்தியினர் என்று 1917-இல் எழுதினார்! மொழி புரியாது, பல நாள் கடற்பயணத்தில் களைத்து நின்றவர்களைப் பார்த்து எழுதிய தீர்ப்பு அது.

மொழியின் தடை வேண்டாமென்றுதானே, இங்கிலாந்தின் ரேவன் 1938-இல் சொல்லே இல்லாத கட்டப் புதிர்களை வெளியிட்டார்? மூன்றுக்கு மூன்று கட்டம், ஒன்று காலி, அதை நிரப்பும் உருவம் எது என்பதே கேள்வி. பிறவி அறிவை அளக்க இதனினும் நல்ல கருவி இல்லை என்று பலர் பூரித்தனர். பூரிப்பு நிலைத்ததா? டச்சு நாட்டில் படைக்கு அழைக்கப்பட்ட பதினெட்டு வயது இளைஞர்கள் இதே புதிர்களை 1952-இலும் போட்டனர், 1982-இலும் போட்டனர். முப்பது ஆண்டில் அவர்தம் அறிவு ஈவு இருபது புள்ளி உயர்ந்திருந்ததை, நியூசிலாந்துப் பேராசிரியர் ஃப்ளின் 1987-இல் எடுத்துக்காட்டினார். முப்பது ஆண்டில் ஒரு நாட்டின் இரத்தம் மாறிவிடுமா? கரு மாறிவிடுமா? மாறியது வாழ்க்கை, கண்ணெதிரே உள்ள பொருளை விடுத்து 'இப்படியிருந்தால்' என எண்ணிப் பார்க்கும் பழக்கம் பரவியது என்பதே ஃப்ளின் தந்த விளக்கம்.

சரி, கற்கக்கூடியது என்றால் எப்படிக் கற்பது? இங்கே இன்னொரு வாணிகம் கடை விரித்திருக்கிறது. 'ஆயிரம் புதிர்கள், ஆயிரம் விடைகள்' என்று கைடு விற்கிறார்கள், பிள்ளைகளும் உருப்போடுகிறார்கள். ஒன்றைப் பழகினால் மூளை முழுவதும் கூர்மையாகிவிடாது என்று தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் 1901-லேயே காட்டிவிட்டனர். புதிரை உருப்போட்டவன் அந்தப் புதிரில் வல்லவனாவான், அவ்வளவே. மந்திரத்தை மனப்பாடம் செய்வதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

கரும்பலகையில் நான் வரைந்த ஒன்றைச் சொல்லுகிறேன். முதல் வரிசை: ஒரு கோடுள்ள வட்டம், இரு கோடுள்ள சதுரம், முக்கோடுள்ள முக்கோணம். அடுத்தது: முக்கோட்டுச் சதுரம், ஒருகோட்டு முக்கோணம், இருகோட்டு வட்டம். கடைசியில்: இருகோட்டு முக்கோணம், முக்கோட்டு வட்டம், பிறகு காலி. "சதுரம்!" என்று பலரும் கூவினர். எத்தனை கோடு என்றதும் அமைதி. சூளைத் தொழிலாளியின் மகள் ஒருத்தி எழுந்தாள். "ஒரு கோடு சார்." ஏன் என்றேன். "ஒவ்வொரு வரிசையிலும் மூணு உருவமும் ஒரு தடவை வருது, ஒண்ணு, ரெண்டு, மூணு கோடும் ஒரு தடவை வருது. மேலிருந்து கீழே பார்த்தாலும் அப்படியேதான் இருக்கு சார்."

அந்த இறுதி வாக்கியத்தைக் கவனியுங்கள். விடை கண்டதோடு அவள் நிற்கவில்லை. விதியைச் சொன்னாள், சொன்ன விதியை வேறு திசையில் சோதித்தாள். எனக்கு வேண்டியது அதுதான். விடை சரியாயிருந்தும் காரணம் சொல்லாதவனுக்கு என் வகுப்பில் பாதி மதிப்பெண். விடை தவறி, காரணத்தில் எங்கே பிசகினேன் என்று தானே கண்டவனுக்கு முழு மதிப்பெண். (தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. போகட்டும்.)

அவள் வீட்டு வாசலில் நாள்தோறும் ஊடுபுள்ளி வைத்துச் சிக்குக் கோலம் இடுகிறவள். கோடு எங்கே வளையும், எங்கே மூடும் என்று கைக்கு முன்னே கண்ணுக்குத் தெரியாவிட்டால் அந்தக் கோலம் முடியுமா? அந்தக் கோலங்களின் அமைப்பைச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆராய்ந்தோரும் 1974-இல், கணினியியலின் வடிவ இலக்கணத்தால் விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர். அறிஞர்க்கு ஆய்வுப் பொருளானது, அவளுக்கு அன்றாட வேலை. அவளைப் பார்த்தா 'கருவில் இல்லை' என்பது?

படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம். ஒரு கரும்பலகை, ஒரு பெட்டி சுண்ணக்கட்டி. கைடு வாங்காதீர்கள். பிள்ளைகளையே புதிர் அமைக்கச் சொல்லுங்கள், மற்றவர் அதை அவிழ்த்துக் காரணம் கூறட்டும். சென்ற வாரம் அந்தப் பெண் தானே அமைத்த ஒன்றைப் பலகையில் விட்டுச் சென்றாள். மூத்த ஆசிரியர் அதன் முன் நெடுநேரம் நின்றிருந்தார். மணி அடித்த பிறகும் அதை அழிக்கவில்லை.