வீட்டு மாடிக்குக் கைப்பிடிச்சுவர்



கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், இரவில் பெட்ரோல் நிலையம் நடத்துகிற நம் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். நியூ ஜெர்சியில் வண்டிக்காரர் தாமே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளச் சட்டம் இடங்கொடுப்பதில்லை என்பதை அறிவீர்கள். பனியிலும் இருளிலும் பணத்தோடு வெளியே வந்து நிற்கவேண்டியவர் அவரே. “ஐயா, இந்த மாநிலத்தில் ஒரு கைத்துப்பாக்கி வாங்குவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. திருடன் எந்தக் காவல் நிலையத்திலும் வரிசையில் நிற்பதில்லை. இந்தச் சட்டம் நல்லவன் கையைத்தானே கட்டிப்போடுகிறது?” என்றார். சூழ நின்றவர்கள் தலையசைத்தார்கள். நான் அன்று பதில் சொல்லவில்லை. இன்று சொல்லுகிறேன், அவரோடு நான் உடன்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் கூறிய சுமை பொய்யன்று. இங்கே துப்பாக்கி வாங்க விரும்புகிறவர் உள்ளூர்க் காவல் துறையிடம் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவேண்டும், கைரேகை தரவேண்டும், தம்மை அறிந்த இருவரின் பெயரைக் கொடுக்கவேண்டும், தம் மனநலப் பதிவுகளைப் பார்க்க ஒப்புதல் தரவேண்டும். ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். முடிவு 30 நாளுக்குள் வரவேண்டும் என்பது சட்டம். பல ஊர்களில் அது மாதக்கணக்கில் இழுக்கிறது. துப்பாக்கியை வெளியே ஏந்திச் செல்லவோ, 2022 ஜூனில் நியூயார்க் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை சாதாரணக் குடிமகனுக்கு ஏறக்குறைய வழியே இல்லை. இப்போது வழி உண்டு; ஆனால் நால்வரின் சாட்சி, பயிற்சி, 200 டாலர் கட்டணம் ஆகியவை வேண்டும். இவற்றில் ஒன்றையும் கள்ளன் சுமப்பதில்லை, மெய்தான். ஆனால் நல்லவன்மேல் விழுகிற சுமையெல்லாம் அநியாயம் என்று நமக்கு யார் போதித்தார்கள்?

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். புதுவீடு கட்டுகிறவன் தன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்று அங்கே கட்டளை இருக்கிறது. அந்தக் கட்டளை திருடனுக்குக் கொடுக்கப்பட்டதா? இல்லை, ஒருவருக்கும் தீங்கு நினையாத வீட்டுக்காரனுக்குக் கொடுக்கப்பட்டது. கல்லும் சுண்ணாம்பும் கூலியும் அவன் செலவு. “நான் கவனமுள்ளவன், என் பிள்ளைகள் கீழ்ப்படிதலுள்ளவர்கள், எனக்கு எதற்குச் சுவர்?” என்று அவன் மோசேயிடம் வாதிட இடமில்லை. ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். அவ்வளவே.

நம் தேசத்து மாடிகளிலிருந்து விழுகிறவர்கள் யார்? 2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அவர்களில் கொலையுண்டவர்கள் 20,958. தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள் 26,328. பாதிக்கும் மேல்! நம் சகோதரர் அஞ்சுகிற முகமூடிக் கள்ளன் இந்தக் கணக்கின் பெரிய பங்கில் இல்லவே இல்லை. அங்கே இருப்பவன் வேலை இழந்த தகப்பன். தேர்வில் தோற்ற மகன். ஒரு இரவின் இருளைக் கடக்க இயலாமற்போன முதியவர். துப்பாக்கியை நாடினவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைப்பதில்லை. ஆனால் எவ்விதமாகவாவது பிழைத்துக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் மரிப்பதில்லை. அந்த ஒரு மணி நேரம் கடந்துபோவதுதான் ஜீவனுக்கும் மரணத்துக்கும் நடுவே நிற்கிறது.

இதை நான் புத்தகத்திலிருந்து மாத்திரம் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நள்ளிரவில் ஒரு வீட்டுக்கு அழைக்கப்பட்டேன். விடியுமட்டும் அந்த வாலிபனருகே அமர்ந்திருந்தோம். இன்று அவன் வேலையில் இருக்கிறான், சிரிக்கிறான். அன்று காலை அவன் தகப்பனார் என்னை வாசல்வரை கொண்டுவிட்டு, “வீட்டில் ஒன்றும் இல்லாதிருந்ததே கர்த்தருடைய கிருபை, ஐயா” என்றார். மனச்சோர்வை ‘ஜெபக்குறைவு’ என்று மூடிப் புதைக்கிற பழக்கம் நம் தமிழ்ச் சபைகளில் இன்னும் போகவில்லை. நோயை மறைக்கிற வீட்டில் துப்பாக்கியையும் கொண்டுவந்து வைப்பது என்ன ஞானம்? வாங்கத் தீர்மானிக்கிறவர் குடும்பத் தலைவர். அதனருகே உறங்குகிறவர்கள் எல்லோரும்.

குற்றத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அதே 2021-இல் துப்பாக்கிச் சட்டம் தளர்ந்த மிசிசிப்பியில் ஒரு இலட்சம் பேருக்கு 33.9 பேர் துப்பாக்கியால் மாண்டார்கள். நம் மாநிலத்தில் 5.2, மாசசூசெட்சில் 3.4. சட்டம் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். வறுமையும் சேர்ந்தே கொல்லுகிறது. இதே கடுமையான சட்டத்தின்கீழ்தான் சுமார் 77,000 பேர் வாழும் கேம்டன் நகரில் 2012-இல் 67 கொலைகள் நடந்தன. “பார்த்தீர்களா, சட்டம் பயனற்றது” என்று இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் இங்கே குற்றங்களில் பிடிபடும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வேறு மாநிலங்களில் விற்கப்பட்டவை. தெற்கிலிருந்து 95-ஆம் நெடுஞ்சாலை வழியாக அவை வருகின்றன. காவல் துறையினர் அவ்வழிக்கு ‘இரும்புக் குழாய்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அண்டை வீட்டுக்காரன் சுவர் கட்டவில்லை என்பதற்காக நம் சுவரை இடிப்பது எந்த ஊர் நியாயம்? கனெக்டிகட் 1995-இல் வாங்குமுன் அனுமதி பெறும் சட்டத்தைக் கொண்டுவந்தது. மிசூரி தன்னிடமிருந்த அத்தகைய சட்டத்தை 2007-இல் நீக்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் ஆராய்ந்து, முந்தினதில் துப்பாக்கிக் கொலைகள் குறைந்தன, பிந்தினதில் கூடின என்று கண்டார்கள்.

வேதத்தைக் கொண்டே எனக்கு எதிர்வாதம் செய்தவர்களும் உண்டு. நெகேமியாவின் வேலைக்காரர் ஒரு கையில் ஆயுதம் ஏந்தினார்களே என்றார்கள். ஏந்தினார்கள், மறுகையால் எதைக் கட்டினார்கள் என்பதையும் பாருங்கள். சீஷர்களிடம் இரண்டு பட்டயங்கள் இருந்தனவே என்றார்கள். அவற்றில் ஒன்று செய்த ஒரே காரியம் மல்குஸ் என்னும் வேலைக்காரனின் காதை அறுத்தது. ஆண்டவர் அதைத் தொட்டுக் குணமாக்கவேண்டியதாயிற்று. தற்காப்பே பாவம் என்று நான் போதிக்கவில்லை. இரவில் கன்னமிடுகிறவனை அடித்தவன்மேல் பழி இல்லை, சூரியன் உதித்தபின் அடித்தால் பழி உண்டு என்று யாத்திராகமம் 22-ஆம் அதிகாரம் வகுத்துச் சொல்லுகிறது. தற்காப்புக்கும் அங்கே எல்லைக்கோடு இருக்கிறது.

சபையில் ஆயுதம் தாங்கிய காவல் வேண்டும் என்கிறவர்கள் 2019 டிசம்பரில் டெக்சாசின் ஒயிட் செட்டில்மென்ட் ஊர்ச் சபையில் நடந்ததைச் சொல்லுவார்கள். ஆராதனையில் சுட்டவனைச் சபையின் காவலர் ஒருவர் ஆறே விநாடிகளில் வீழ்த்தினார். மெய், அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். ஆயினும் அவர் துப்பாக்கிப் பயிற்சி அளிக்கிற ஆசான். அந்த ஆறு விநாடிகளுக்குள்ளும் இரண்டு பரிசுத்தவான்கள் மடிந்தார்கள். நம் வாசலில் நிற்கிற சகோதரர்கள் காணிக்கைப் பையையே தடுமாறிப் பிடிக்கிறவர்கள். (கோபிக்கவேண்டாம், நானும் அவர்களில் ஒருவன்.)

சுவரைப் புகழ்கிற நான் அதன் வெடிப்பை மறைத்தால் கள்ளச்சாட்சியாவேன். 2015-இல் நம் மாநிலத்தில், தன்னை மிரட்டியவனுக்கு எதிராக நீதிமன்றத் தடை பெற்றிருந்த பெண் ஒருத்தி கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பித்தாள். சட்டம் குறித்த 30 நாளும் கடந்தன, அனுமதி வரவில்லை. அவன் வந்தான், கத்தியால் அவளைக் கொன்றான். 2013-இல் பென்சில்வேனியாவின் அனுமதியோடு எல்லை கடந்து வந்த ஒரு தாய், துப்பாக்கி இருப்பதைத் தானே அதிகாரியிடம் சொன்னாள், சிறையில் அடைக்கப்பட்டாள், ஆளுநரின் மன்னிப்பு 2015-இல்தான் கிடைத்தது. இவை சுவரின் குற்றம் அல்ல, கொத்தனின் குற்றம். குடிமகனுக்கு நாள் குறிக்கிற அரசு தனக்குக் குறித்த நாளைக் காக்கக் கடமைப்பட்டது. மிரட்டப்படுகிற பெண்ணின் விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் மேலாக எடுக்கப்படவேண்டும். இதை நம் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வாசலருகே மேசையில் இருக்கும், கையெழுத்திட மனதுள்ளவர்கள் இடுங்கள்.

ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருக்கிற குடும்பங்கள் இச்சபையிலும் உண்டு என்பதை அறிவேன். உங்களை நான் நியாயந்தீர்க்கவில்லை. அதைப் பூட்டி வையுங்கள். தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டுங்கள். சாவி இருக்குமிடம் பிள்ளைகள் அறியவேண்டாம். வீட்டில் ஒருவர் உறக்கமிழந்து, பேச்சிழந்து, ‘நான் யாருக்கும் வேண்டாம்’ என்று சொல்லத் தொடங்கினால் உடனே என்னை அழையுங்கள், அல்லது எந்நேரமும் 988-ஐ அழையுங்கள். ஆபத்தில் இருக்கிறவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும்படி குடும்பத்தாரே நீதிமன்றத்தைக் கேட்க 2019 முதல் நம் மாநிலச் சட்டத்தில் இடமுண்டு. அவமானம் என்று தயங்காதிருங்கள்.

பெட்ரோல் நிலையத்துச் சகோதரரே, உங்கள் பயத்தை நான் அற்பமாய் எண்ணவில்லை. வரும் வெள்ளி இரவு பத்து மணிக்கு அங்கே வருகிறேன். பின்புறத்து விளக்கு இரண்டு மாதமாக எரியவில்லை என்றீர்களே. மின்வேலை தெரிந்த நம் தம்பியையும் ஏணியோடு அழைத்து வருகிறேன். கடை அடைக்குமட்டும் உங்களோடு இருப்போம்.