அளப்பது விளையாட்டல்ல

தசராவுக்குப் பெயர்போன கடற்கரை ஊரான குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரி 28 அன்று நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இந்தக் கரையின் பிள்ளைகள் கணக்கில் தேற வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. எப்படித் தேற்றுவது என்பதில்தான் சண்டை. தமிழ்நாட்டின் எந்தத் தொடக்கப்பள்ளி வாசலில் நின்றாலும் ஒரு குரலைக் கேட்கலாம்: “ஸ்கேலையும் குச்சியையும் கொடுத்து அளக்க விடுவதெல்லாம் பொழுதைப் போக்குகிற வேலை. வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைத்து, நோட்டில் நாலு கணக்குப் போட வைத்தால் போதும்.”

இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்ற பதைப்பு அதில் இருக்கிறது. ஆனால் அது அடுக்குகிற ஐந்து காரணங்களையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் நான்கு நிற்கவில்லை. ஒன்று பாதி நிற்கிறது.

“எண் தெரிந்தால் அளவு தானாக வரும்”

வராது. எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸ் நிறுவனமும் விப்ரோவும் 2006இல் பெருநகரங்களின் பேர்பெற்ற பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தின. அதில் வந்த ஒரு கேள்வியைப் பாருங்கள். ஸ்கேலின் மேல் ஒரு பென்சில். அதன் அடி பூஜ்யத்தில் இல்லை, 1இல் தொடங்குகிறது. நீளம் எவ்வளவு? பென்சிலின் நுனி நிற்கிற எண்ணை அப்படியே விடையாக எழுதிவிட்டார்கள் நிறையப் பிள்ளைகள். கழித்தல் தெரியாதவர்கள் அல்ல. ஸ்கேலில் இருப்பது வரிசையாக எழுதிய எண்கள் என்று நினைத்தார்கள். எண்ணப்பட வேண்டியது இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

எத்தனை வாய்ப்பாடு ஒப்பித்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. இரண்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சைப் பத்துப் பிள்ளைகள் சாணால் அளந்து, ஆளுக்கொரு விடை சொல்லி, “உன் கை சின்னக் கை” என்று சண்டை பிடிக்கும்போதுதான் அது அடைபடத் தொடங்குகிறது. எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும் என்பதை அந்தச் சண்டையே சொல்லிக்கொடுத்துவிடும். அடுத்த நாள் ஸ்கேல் கைக்கு வரும்போது அது எதற்கு வந்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும்.

“அந்தக் காலத்தில் மனப்பாடம்தானே, அவர்கள் கணக்கில் புலி இல்லையா?”

திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் உண்டு, உண்மைதான். அங்கே எதை மனப்பாடம் செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எண்சுவடியில் நெல்லிலக்கம் வரும்: நெல்லை முகக்கிற அளவுகள். பொன்னிலக்கம் வரும்: பொன்னை நிறுக்கிற அளவுகள். குழிமாற்று வரும்: நிலத்தின் பரப்பைக் காண்பது. அந்த வாய்ப்பாடுகளில் பல களத்துமேட்டிலும் கடைவீதியிலும் புழங்கிய அளவைகள்தான். அவற்றைப் பாடிய பையன் அதே அளவைகளைத் தன் தெருவில் அன்றாடம் கண்ணால் பார்த்தான். தமிழகத்தின் இந்தக் கணக்கு மரபைப் பற்றி வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு விரிவாகவே எழுதியிருக்கிறார். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தைப் புரட்டினால், பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று மதிப்பிடுகிற கணக்குக்கூட இருக்கிறது.

இந்தக் கரையின், அதாவது முத்துக்குளித்துறையின், வணிகர்களைப் பாருங்கள். துளையளவு படிப்படியாக மாறுகிற பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலித்துத் தரம் பிரித்தார்கள். மஞ்சாடி என்ற எடையளவில் நிறுத்தார்கள். பிறகு எடையின் வர்க்கத்தை முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து, முக்காலால் பெருக்கி, விலை வைக்க உதவும் ‘செவ்வு’ என்ற அளவைக் கண்டார்கள். முக்காலை விட்டுவிட்டே பார்ப்போம். பத்து மஞ்சாடி எடைக்குப் பத்து முத்து நின்றால் நூறு வகுத்தல் பத்து, விடை 10. அதே எடைக்கு ஐந்தே முத்து நின்றால் 20. பெரிய முத்துக்கு விலை எப்படித் தாவுகிறது என்பது அந்த வர்க்கத்துக்குள் அடங்கிவிட்டது. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துபோனது. அந்தக் கணக்கை இன்றைக்கும் ஐந்தாம் வகுப்பில் புளியங்கொட்டையை வைத்துப் போடலாம். பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்பவர்கள், ஒப்பித்தலோடு அந்த அளவைகளையும் சேர்த்தே கொண்டுவரட்டும்.

“கடற்கரைப் பிள்ளைக்கு அளவெல்லாம் வீட்டிலேயே தெரியும், பள்ளிக்கூடம் ஏட்டுக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் போதும்”

முதல் பாதி சரி. கடலின் ஆழத்தை, இரு கை விரித்த நீளமான பாகக் கணக்கில் சொல்கிற அப்பா இருக்கிறார். உப்பளத்தில் நீரின் அடர்த்தியை டிகிரியில் பார்க்கிற சித்தப்பா இருக்கிறார். மூன்று டிகிரி சுமாருக்கு உள்ளே வருகிற கடல்நீர், பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றி 25ஐத் தொடும்போது உப்பு விளையத் தொடங்குகிறது. 30ஐ நெருங்கவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும் என்பதால் அதற்கு முன்பே மிச்ச நீரை வடித்துவிடுகிறார்கள். அடர்த்தி என்ற பாடத்தை நடத்துகிற ஆய்வுக்கூடம் ஊருக்கு வெளியே வெயிலில் விரிந்து கிடக்கிறது.

இரண்டாம் பாதிதான் தவறு. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலானோர் 2025இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறார் 1,400 பேருக்கு மேல் அதில் பங்கெடுத்தார்கள். காய்கறிக் கணக்கை மனத்துக்குள்ளேயே சட்டென்று போட்ட அந்தப் பிள்ளைகளில் பலர், தாளில் எழுதித் தந்த எளிய வகுத்தலில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ தாளில் தேறி, சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஒரு பக்கம் கற்றது மறுபக்கம் தானாகத் தாவுவதில்லை.

ஆகவே வீட்டில் தெரியும் என்பதே பள்ளி அதைக் கையில் எடுப்பதற்கான காரணம். ஒரு லிட்டர் கடல்நீரை அகலத் தட்டில் ஊற்றி, மாடியில் வலை போட்டு மூடி வற்றவிடுங்கள். ஏறத்தாழ 35 கிராம் உப்பு தங்க வேண்டும். ஒரு குழுவுக்கு 28 வரும். இன்னொரு குழுவுக்கு 41 வரும். சுரண்டும்போது சிந்தியதா? சரியாகக் காயாமல் ஈரத்தோடு நிறுத்தார்களா? இதைப் பேசி, அட்டவணை போட்டு, சராசரி எடுத்து, “ஒரு கிலோ உப்புக்கு எத்தனை லிட்டர்?” என்று எழுத்தில் வகுத்துப் பார்க்கிற இடத்தில் உப்பளமும் நோட்டும் ஒன்று சேர்கின்றன. அந்தச் சேர்க்கையை வீடும் தராது, தனி ஏட்டுக் கணக்கும் தராது.

“செயல்வழிக் கற்றல் என்று கொண்டுவந்தார்களே, என்ன ஆயிற்று?”

பாதி நிற்கிற வாதம் இதுதான். சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவியது. பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து, அட்டையை எடுத்துத் தத்தம் வேகத்தில் படிக்க விட்ட அந்த மாற்றம் சிறியதல்ல. ஆனால் பல வகுப்புகளில் அட்டை முடிந்ததா, கற்றல் ஏணியில் அடுத்த படிக்குப் போனானா என்பதே கணக்காகிப்போனது. 2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்கும் இதே ஆபத்து உண்டு. ‘அளந்து எழுதுக’ என்ற கட்டத்தைப் பிள்ளை அளக்காமலே நிரப்பிவிடலாம்.

கையில் பொருளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நின்றால் கற்றல் நடக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்பவர்களுக்கு உதவாது என்று கல்வி உளவியலாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை இந்தத் தரப்பின் வலுவான ஆயுதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது குறை சொல்வது ஆசிரியரின் வழிகாட்டல் குறைந்த செயல்பாட்டை. முன்கூட்டி ஊகிக்கச் சொல்லி, அளக்கும்போது கையைத் திருத்தி, கடைசியில் கரும்பலகையில் கணக்காக்கி முடிக்கிற ஆசிரியர் அந்தக் குற்றச்சாட்டுக்குள் வரமாட்டார்.

பொருளுக்குப் பணம் எங்கே என்பதும் பெரிய தடை இல்லை. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பின்னாளில் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை உருவாக்கிய பி.கே. சீனிவாசன், கையில் கிடைத்த எளிய பொருள்களை வைத்தே வாழ்நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். நிஜமான தட்டுப்பாடு ஆசிரியரின் நேரத்துக்குத்தான். மூன்று வகுப்பை ஒருவரே பார்க்கிற பள்ளியில் வாரம் ஒரு செயல்பாட்டை உருப்படியாகச் செய்தாலே பெரிது. அதற்குத் தீர்வு ஆசிரியர் பணியிடத்தை நிரப்புவது. செயல்பாட்டை வெட்டுவதால் அந்தக் குறை தீராது.

“ராக்கெட் விடப்போகிற காலத்தில் குச்சியும் நிழலுமா? கோடிங் சொல்லிக்கொடுங்கள்”

குச்சியிலிருந்தே தொடங்குவோம். முற்பகலில் மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டால், நிழல் 40 செ.மீ. விழுகிறது. பக்கத்துப் பனையின் நிழல் 6 மீட்டர். 600ஐ 40ஆல் வகுத்தால் 15. பனையின் உயரம் 15 மீட்டர். இதோடு விட்டால் அது வெறும் நோட்டுக் கணக்கு. இன்னொரு குழு குச்சியின் நிழலை 38 என்று அளந்திருக்கும். மற்றொன்று 43 என்று. 38 கண்ட குழுவின் பனை 15.8 மீட்டர், 43 கண்டதன் பனை 14 மீட்டர். குச்சியருகே ஐந்து செ.மீ. பிசகு, மரத்தின் உச்சியில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் பிசகாகிவிட்டது. குச்சி சாய்ந்திருந்ததா? நிழலின் மங்கிய ஓரத்தில் எதை முனையாக எடுத்தார்கள்? இரண்டு நிழலையும் ஒரே நேரத்தில் அளந்தார்களா? ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் இதே குச்சியை நட்டால், குலசேகரன்பட்டினத்தில் ஒரு நாள் நண்பகலில் நிழலே விழாது. அது ஏன் என்பதும் ஒரு பாடம்.

இனி ராக்கெட். குலசேகரன்பட்டினத்திலிருந்து பறக்கவிருப்பது எஸ்எஸ்எல்வி. அதன் முதல் பயணம் 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது. 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் பங்களித்த ஆசாதிசாட் என்ற செயற்கைக்கோளும் அதில் இருந்தது. இரண்டாம் அடுக்கு பிரியும்போது நொடிப்பொழுது எழுந்த அதிர்வில் முடுக்கமானிகளின் அளவு எல்லை மீறியது. அந்தக் கருவிகள் கெட்டுவிட்டன என்று ராக்கெட்டுக்குள் இருந்த நிரல் முடிவுகட்டியது. 356 கி.மீ. உயர வட்டப்பாதைக்குப் பதிலாக, பூமியிலிருந்து 76 கி.மீ. வரை தாழ்கிற நீள்வட்டத்தில் செயற்கைக்கோள்கள் போய்ச் சேர்ந்து, எரிந்தும் போயின. நிரல் எழுதத் தெரியாததால் நேர்ந்ததில்லை இது. வந்த அளவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதில் நேர்ந்த பிசகு. காரணத்தை ஆராய்ந்து திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று அடுத்தது சரியாகப் போனது. 38ஆ 43ஆ என்று வாதிட்ட குழுக்கள் எதிர்கொண்டது இதே கேள்வியைத்தான். கோடிங் வேண்டும், ஆனால் அளவைச் சந்தேகிக்கப் பழகாத பிள்ளை, தப்பான எண்ணை வேகமாகக் கணக்கிட மட்டுமே கற்றுக்கொள்ளும்.

வாய்ப்பாடு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. 600ஐ 40ஆல் வகுக்கத் தடுமாறுகிற பிள்ளைக்குப் பனையின் உயரமும் கிடைக்காது. ஒப்பித்தலும் அளத்தலும் ஒன்றையொன்று தள்ளிவிடுகிற போட்டியாளர்கள் என்பதுதான் இந்தக் குரலின் அடிப்படைப் பிழை. பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காருகிற பெற்றோர்கள் அடுத்த கூட்டத்தில் பிள்ளையின் கணக்கு நோட்டை விரித்து ஒன்றை மட்டும் தேடட்டும்: தானே அளந்து எழுதிய ஓர் எண்ணும், அது பக்கத்துக் குழுவின் எண்ணிலிருந்து ஏன் வேறுபட்டது என்ற ஒரு வரியும் அதில் இருக்கிறதா? எல்லா விடைக்கும் சிவப்பு மையில் ‘சரி’ விழுந்த நோட்டில் அது இல்லையென்றால், கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.