வங்கி குடியிருக்கும் கட்டிடம்

மடவளைக் கடைவீதியிற் கையில் நாலு காசு உள்ளவர்களிடையே இப்பொழுது ஒரு பேச்சு அடிபடுகின்றது. வங்கிக் கிளையொன்று வாடகைக்கு இருக்கும் கட்டிடத்தை வாங்கிவிட்டால் வாடகை தவறாது. அதனை அடுத்துள்ள கடைகளும் வெறுமையாய்க் கிடவா என்பதே அப்பேச்சு.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே திறைசேரி உண்டியல்களுக்கு நூற்றுக்கு 30க்கு மேல் வட்டி கிடைத்தது. 2025 மே மாதத்தில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை 7.75 வீதமாகக் குறைத்தது. வட்டி இறங்கவே, வைப்பிலிருந்த பணம் கல்லையும் மண்ணையும் நாடுகின்றது.

வங்கி நல்ல வாடகைக்காரர் என்பதை நான் மறுக்கவில்லை. அது நீண்ட குத்தகை எழுதும். பெரும் செலவிற் பெட்டக அறை அமைக்கும். ஆதலின் எளிதில் இடம் மாறாது. அங்கு வந்து செல்வோரால் அயலிலுள்ள மருந்துக் கடைக்கும் புடைவைக் கடைக்கும் வியாபாரம் நடக்கும். எனினும், அந்த வாடகையை உண்மையிற் கொடுப்பது வங்கியா, ஊரா என்று நாம் கேட்கவேண்டும்.

ஊரின் பிழைப்புப் போனபின் நேர்வது யாது என்பதற்கு அமெரிக்காவின் யங்ஸ்டவுன் சான்று. அந்த உருக்கு நகரிலே 1930இல் 1,70,000 மக்கள் வாழ்ந்தனர். 1977 செப்டெம்பர் 19ஆந் திகதி பெரிய ஆலையொன்றை மூடும் அறிவித்தல் வெளிவந்தது. ஏறக்குறைய 5,000 பேரின் வேலை பறிபோயிற்று. பிற ஆலைகளும் பின்னர் மூடப்பட்டன. 2020இல் அங்கிருந்தோர் 60,000 பேரே. இத்தகைய நகரங்களிற் கட்டிடம் மலிவு. ஆதலால் முதலுக்கு வாடகை வீதம் பெரிதாகத் தோன்றும். அந்த மிகுதி, வாங்குபவர் தலையில் ஏற்றப்படும் ஆபத்தின் கூலியேயாகும்.

தொழில் போகாத ஊரிலுங்கூட வங்கி நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டு முதல் 6,000க்கு மேற்பட்ட கிளைகள் மூடப்பட்டுவிட்டன. கைத்தொலைபேசியிற் பணம் அனுப்புபவர் கிளையின் வாசலை மிதிப்பதில்லை.

மடவளை ஆலை நகரமன்று. வத்துகாமம் வீதியால் வந்துபோகும் சுற்றுக் கிராமத்தவரின் செலவும், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணமுமே இதன் ஆலைகள். இவை தளர்ந்தால் வங்கியும் தளரும். மேலும், 2018 மார்ச்சில் நமது அயலான திகன, தெல்தெனிய பகுதிகளிற் கடைகள் எரிந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். கலவரத்துக்கான காப்பைத் தனியே சேர்த்துக்கொள்ளாத காப்புறுதி அத்தகைய வேளையில் உதவாது.

கணக்கொன்று பார்ப்போம். 3 கோடி ரூபாய்க் கட்டிடத்துக்கு மாத வாடகை 1,50,000 ரூபாய் என்றால், ஆண்டு வரவு 18 இலட்சம். அதாவது 6 வீதம். ஆதன வரி, பழுதுபார்த்தல், காப்புறுதி ஆகியவற்றைக் கழித்தால் அது இன்னும் குறையும். குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு உண்டு? இடையில் விலகும் உரிமை வங்கிக்கு உண்டா? பெட்டக அறையை இடித்துக் கடையாக்க எவ்வளவு செலவாகும்? இவற்றுக்கு விடை தெரியாமல் முன்பணம் கொடுத்தலாகாது.

வங்கியின் பெயர்ப்பலகையை மனத்தாற் கழற்றிவிட்டுக் கட்டிடத்தைப் பார்க்கவேண்டும் என்பதே என் கருத்து. சாதாரணக் கடைக்காரர் இருவர் தரக்கூடிய வாடகைக்கு அந்த விலை தகுமாயின் வாங்கலாம். தகாதாயின் விட்டுவிடுவதே மேல். பாலைவன வெயிலில் இருபது ஆண்டு உழைத்துச் சேர்த்த பணத்தை ஒரு பெயர்ப்பலகையை நம்பி ஒப்படைக்க முடியுமா?