ஐயாயிரம் ரூபாய்க் கைப்பேசியும் கெர்னலின் ஓட்டையும்

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குள் புகுந்து, பதிப்பு எண்ணுக்கு அருகே சற்று நிதானமாகத் தேடினால், அந்தச் சாதனத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் கடைசியாக எந்தத் தேதிவரை வந்து சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஒரு வரி கண்ணில் படும். திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கைப்பேசிக் கடைகளில், திரை உடைந்தும் பேட்டரி உப்பியும் பழுதுக்கு வந்து கிடக்கும் சாதனங்களில் அந்த வரியைப் பார்த்தால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய தேதிகள் சர்வ சாதாரணமாகத் தென்படுகின்றன. சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்கிக் கொண்டுவரும் வியாபாரியின் வங்கிக் கணக்கும், அவர் மகளின் கல்லூரிக் கட்டண ரசீதும், ஆதார் எண்ணும், குடும்பத்தின் அந்தரங்கப் படங்களும் அந்தப் பழைய தேதியின் பாதுகாப்பில்தான் இருக்கின்றன. அந்தத் தேதியைப் பார்க்கும்படி அவரிடம் எவரும் சொன்னதில்லை. விற்ற கடைக்காரருக்கும் அது ஒரு விஷயமாகப் பட்டதில்லை.

இயங்குதளத்தின் உட்கருவாக நின்று, நினைவகத்தையும் செயலிகளையும் கேமராவையும் தன் ஆதிக்கத்தில் வைத்திருக்கும் கெர்னலில் ஒரு குறை நேர்ந்தால், அதற்கு மேலே எத்தனை கடவுச்சொல் வைத்தாலும் பிரயோஜனமில்லை. ஆண்ட்ராய்டுக்குக் கெர்னலாக இருப்பது லினக்ஸ். அதில் ‘பைண்டர்’ என்றொரு பகுதி, செயலிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் காரியத்தைக் கவனிக்கிறது. அதில் நேர்ந்த குறை இதுதான்: வேலை முடிந்ததென்று பைண்டர் விடுவித்துவிட்ட நினைவகப் பகுதியின் விலாசத்தை, கெர்னலின் வேறொரு பகுதி மறவாமல் வைத்திருந்து, பின்னொரு சமயம் அது இன்னும் தனக்குரியது என்ற எண்ணத்தில் தொடுகிறது. அந்த இடைவெளியில் அதே இடத்தில் தன் சரக்கைக் கொண்டுவந்து நிரப்பத் தெரிந்தவன், சாதாரணச் செயலியொன்றின் உள்ளிருந்தே கைப்பேசி முழுவதற்கும் எஜமானனாகிவிடுகிறான்.

இந்தக் குறையை 2017 நவம்பரில் கண்டுபிடித்தது மனிதரல்ல. கெர்னலை இரவும் பகலும் சோதித்துக்கொண்டேயிருக்கும் கூகுளின் ஒரு தானியங்கி நிரல். 2018 பிப்ரவரியில் லினக்ஸில் திருத்தமும் செய்யப்பட்டது. ஆனால், பாதுகாப்புக் குறை என்பதற்கான சிவிஇ அடையாள எண் எதுவும் வழங்கப்படாமல், ஆயிரம் திருத்தங்களில் ஒன்றாக அது சந்தடியின்றி உள்ளே போயிற்று. ஒன்றரை ஆண்டுக்குமேல் கழித்து, 2019 செப்டம்பர் இறுதியில், கூகுளின் ‘புராஜெக்ட் ஜீரோ’ குழுவைச் சேர்ந்த மேடி ஸ்டோன், இதே ஓட்டையின் வழியாக உளவு நடக்கிறதென்று கண்டு, ஏழே நாள் தவணை கொடுத்து விஷயத்தை அம்பலப்படுத்தினார். அப்போதுதான் அதற்குச் சிவிஇ-2019-2215 என்ற எண் கிடைத்தது. கூகுளின் சொந்தக் கைப்பேசியான பிக்சல் 2-க்கே அந்தத் திருத்தம் போய்ச்சேரவில்லை என்பதுதான் வேடிக்கை. பாதிக்கப்பட்டவற்றின் பட்டியலில் சாம்சங்கின் விலையுயர்ந்த எஸ்9 இருந்தது. ஷாவ்மியின் ரெட்மி 5ஏ-வும் இருந்தது.

ரெட்மி 5ஏ இந்தியாவில் வெளியானது, அந்தக் குறை கண்டுபிடிக்கப்பட்ட அதே 2017 நவம்பரில். அறிமுக விலை 4,999 ரூபாய். நம்மூர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் ஸ்மார்ட்போனாக வாய்த்தவை இந்த விலையில் வந்த சாதனங்களே. அபாயம் ஏட்டளவில் நின்றுவிடவும் இல்லை: 2020 ஜனவரியில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம், படம் எடுப்பதற்கும் கோப்புகளை அடுக்குவதற்கும் உதவுவதாகச் சொல்லிக்கொண்டு கூகுள் பிளே ஸ்டோரிலேயே இருந்த செயலிகள் இதே ஓட்டையைப் பிரயோகித்து, வீசாட், ஜிமெயில் விவரங்களைத் திரட்டியதை எடுத்துக்காட்டிற்று.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதைச் சிந்திக்கும்போது ஒரு வித்தியாசம் மனத்தில் தைக்கிறது. திண்டுக்கல் பட்டறையில் கையால் செய்த பூட்டொன்றின் சூட்சுமத்தை ஒருவன் கண்டுகொண்டாலும், அவனால் அந்த ஒரு கதவைத்தான் திறக்க முடியும். கெர்னலோ கோடிக்கணக்கான கதவுகளில் தொங்கும் ஒரே பூட்டு. அது மட்டுமல்ல, லினக்ஸில் செய்யப்படும் திருத்தம் உலகறிய வெளியாவதால், அதை ஊன்றிப் படிப்பவனுக்கு ஓட்டை எங்கிருந்தது என்பதும் தெரிந்துபோகிறது. ஆகவே, திருத்தம் வெளியான பிறகு அது வந்து சேராத கைப்பேசி, முன்னைக் காட்டிலும் அதிக அபாயத்தில் நிற்கிறது. பரிகாரமே காட்டிக்கொடுக்கும் இந்த விசித்திரத்தை நம் நிர்வாகிகள் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

தாமதம் எங்கே நேருகிறது? லினக்ஸில் செய்த திருத்தம் கூகுளின் ஆண்ட்ராய்டு கெர்னலுக்கும், அங்கிருந்து சிப் தயாரிப்பாளருக்கும், அவரிடமிருந்து கைப்பேசி நிறுவனத்துக்கும் கைமாற வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் மாற்றங்களைக் கெர்னலுக்குள் நுழைத்து வைத்திருப்பதால், எதையும் அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. 5.10 கெர்னல் முதல் பொதுப்பகுதியையும் சிப் நிறுவனங்களின் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் ஏற்பாட்டைக் கூகுள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரி முதல் கெர்னல் சமூகமே தன் குறைகளுக்குச் சிவிஇ எண் வழங்கி வருகிறது. இரண்டும் நல்ல காரியங்களே. ஆயினும், விற்றுத் தீர்ந்த மலிவான மாடலுக்காகப் பொறியாளரை அமர்த்திச் சம்பளம் கொடுக்கும் நிர்ப்பந்தத்தை இவை எந்த நிறுவனத்துக்கும் உண்டாக்கவில்லை. நோயின் மூலம் தொழில்நுட்பத்தில் அல்ல, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

திருத்தம் நின்றுபோகும் அனுபவம் தமிழக அரசுக்குப் புதிதன்று. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பி-க்குத் திருத்தம் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, சென்னை சி-டாக் ஆய்வு மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறும்படி அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. அந்த யோசனையின் அருமை 2017 மே 12-இல் பிரத்யட்சமாயிற்று: இரண்டு மாதங்களுக்கு முன்பே திருத்தம் வெளியாகியிருந்த ஒரு விண்டோஸ் கெர்னல் குறையைப் பற்றிக்கொண்டு ‘வான்னாக்ரை’ என்ற, கப்பம் கேட்கும் நச்சுநிரல் பரவியது, பிரிட்டனின் மருத்துவமனைகள் முதல் திருமலை தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் வரை அதற்கு இரையாயின.

அவசரத்திலும் ஆபத்து உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 2024 ஜூலை 19 அன்று, கெர்னலோடு இணைந்து இயங்கும் கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான ஒரு கோப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகளை முடக்கியது. சென்னை உள்ளிட்ட விமான நிலையங்களில் பயணிகள் காத்துக் கிடந்தனர். அப்டேட் போட்டால் போன் மந்தமாகிவிடும், இடம் நிறைந்துவிடும், டேட்டா தீர்ந்துவிடும் என்று தள்ளிப்போடும் சாமானியரின் தயக்கத்தையும் அறியாமை என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. ஆனால், வந்த திருத்தத்தை ஏற்காதிருப்பது வேறு. திருத்தமே வராமலிருப்பது வேறு.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்பதை விற்கும்போதே அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து 5 ஆண்டு இயங்குதளப் புதுப்பிப்பைக் கோரும் விதி அமலுக்கு வந்துள்ளது. நம் நாட்டில் அட்டைப்பெட்டியின் மீது அதிகபட்ச விலையை அச்சிடுகிறோமே, அதன் பக்கத்திலேயே திருத்தம் கிடைக்கும் கடைசித் தேதியையும் தமிழில் அச்சிடச் செய்வதில் என்ன கஷ்டம்?

மத்திய அரசு அதற்குச் சட்டம் இயற்றும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2011 முதல் லட்சக்கணக்கான மடிக்கணினிகளை வாங்கி மாணவர்களுக்கு வழங்கியதும், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்ததுமான தமிழக அரசு, விற்பவர்கள் அலட்சியம் செய்யக்கூடிய வாடிக்கையாளர் அல்ல. நினைவகம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு என்று கேட்கும் ஒப்பந்தப்புள்ளியில் பின்வரும் நிபந்தனையும் இடம்பெறட்டும்: கெர்னல் திருத்தங்கள் 5 ஆண்டுக்கு வழங்கப்பட வேண்டும், மூல லினக்ஸிலோ விண்டோஸிலோ வெளியான 90 நாட்களுக்குள் அவை மாணவரின் கருவியை எட்ட வேண்டும், தவறினால் பிணைத்தொகையில் பிடித்தம் செய்யப்படும்.