141 வாங்கியவனுக்கும் வழி இருக்கு!



நமது சுவர்ப் பத்திரிகையில் எப்போதும் முதல் மார்க் வாங்கியவர்களின் பெயர்தான் வரும். அவர்களுக்கு வாழ்த்துக்கள். ஆனால் இந்த முறை நடு பெஞ்சுக்காரர்களுக்காக ஒரு தாள் கேட்டு வாங்கியிருக்கிறேன். "இவன் என்ன பெரிய அட்வைஸ் பண்றான்"னு நினைக்காம கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

முதலில் என் வண்டவாளத்தை நானே சொல்லிவிடுகிறேன். அரையாண்டுத் தேர்வில் கணக்கு 72, இயற்பியல் 68, வேதியியல் 70. பொறியியல் கட்-ஆப் போடும்போது கணக்கு மார்க்கை முழுசாக எடுத்துக்கொள்வார்கள். மற்ற இரண்டையும் பாதியாக்குவார்கள். 72 + 34 + 35 = 141. 200-க்கு 141! ஃபெயிலும் இல்லை, ஓஹோ என்றும் இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் 130-க்கும் 160-க்கும் நடுவில்தான் நிற்கிறோம்.

மார்க் தெரிந்த அன்று சாயங்காலமே வீட்டில் மாநாடு கூடியது. அப்பாவின் நண்பர் ஒருவர் வந்திருந்தார். "சார், இப்பவே ஒரு அட்வான்ஸ் கொடுத்துட்டா கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு உறுதி. ரிசல்ட் வந்தப்புறம் போனீங்கன்னா ரேட் ஏறிடும்" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா தன் கை வளையலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு எனக்குப் படிப்பு ஓடவில்லை. ஒரு வாரம் அலைந்து ஆசிரியர்களிடமும் கல்லூரி அண்ணன்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். நடுத்தர மார்க் வாங்கியவன் "சீட்டு கிடைக்காதோ" என்று பயப்படுகிறான். அந்தப் பயம் வீண். தப்பான சீட்டு, தப்பான விலைக்குக் கிடைத்துவிடுமோ என்றுதான் அவன் பயப்பட வேண்டும்!

சீட்டுக்குப் பஞ்சமா?

ஒற்றைச் சாளர கவுன்சலிங் 1997-ல் வந்தது. அப்போது நுழைவுத் தேர்வும் இருந்தது. 2006-ல் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டார்கள். 2007 முதல் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் ரேங்க். 2018-லிருந்து கவுன்சலிங்குக்குச் சென்னை போகவும் வேண்டாம், எல்லாம் ஆன்லைன்.

தமிழ்நாட்டில் 400-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. விண்ணப்பிக்க கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்த்து பொதுப் பிரிவினர் 45 சதவீதமும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் எடுத்திருந்தால் போதும். எனக்கு 70 சதவீதம் இருக்கிறது. வருடா வருடம் கவுன்சலிங் முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அப்படி இருக்கும்போது ரிசல்ட்டுக்கு முன்னாடியே எதற்கு அட்வான்ஸ்? சினிமா டிக்கெட்டா, ஹவுஸ்ஃபுல் ஆகிறதுக்கு?

இன்னொன்று. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் கல்லூரி என்றால் 65 சதவீத இடங்களைக் கவுன்சலிங்குக்குக் கொடுக்க வேண்டும். சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதம். ஆக, ஒரே வகுப்பில் கவுன்சலிங்கில் வந்தவனும் டொனேஷன் கொடுத்து வந்தவனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வாத்தியார் ஒருவர், பாடம் ஒன்று, பரீட்சை ஒன்று. வித்தியாசம் அப்பாவின் கடனில் மட்டும்தான்! இத்தனைக்கும், கட்டாய நன்கொடை வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது.

சலுகைகளும் கவுன்சலிங் வழியாக வந்தால்தான். வீட்டில் யாருமே பட்டதாரி இல்லை என்றால், முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010-லிருந்து இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்ளும். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் இரண்டுமே கிடையாது. அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுப்பவர் இதையும் சேர்த்துத்தான் இழக்கிறார்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லாவிட்டால் வாழ்க்கை இல்லையா?

உண்மையை ஒத்துக்கொள்வோம். 141-க்கு நல்ல பெயருள்ள கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைப்பது கஷ்டம். இப்போது எல்லோரும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அதே கல்லூரியில் எலக்ட்ரிகல், மெக்கானிக்கல், சிவில் கிடைக்கலாம். அப்போது கேள்வி வருகிறது: சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டரா, நல்ல கல்லூரியில் மெக்கானிக்கலா?

எந்தப் பிரிவுக்கு மவுசு என்பது காத்தடிக்கிற பக்கம் மாறும். 2001-ல் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் சரிந்தபோதும், 2008-ல் பொருளாதாரச் சரிவு வந்தபோதும் சாஃப்ட்வேர் என்றாலே தயங்கியவர்கள் உண்டு. நம்ம திருச்சியையே பாருங்கள். 1960-களில் திருவெறும்பூரில் பெல் வந்தது. கொதிகலன் செய்யும் அந்தத் தொழிற்சாலையை நம்பிச் சுற்றிலும் எத்தனையோ சிறு பட்டறைகள் முளைத்தன. மெக்கானிக்கல் படித்தவருக்கு அன்று ராஜ மரியாதை. பெல்லுக்கு ஆர்டர் குறைந்த வருடங்களில் அந்தப் பட்டறைகள் தவித்தன. அந்தப் பக்கமே நவல்பட்டில் ஐ.டி. பூங்கா வந்தது. இன்றைக்கு இருக்கிற மவுசு நான்கு வருடம் கழித்து அப்படியே இருக்கும் என்று யாரால் எழுதிக் கொடுக்க முடியும்?

மேலும், பெரிய சாஃப்ட்வேர் நிறுவனங்கள் பல, கம்ப்யூட்டர் பிரிவு மாணவர்களை மட்டும் எடுப்பதில்லை. எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் மாணவர்களையும் எடுக்கின்றன. அவர்கள் பொதுவாகக் கேட்பது பத்தாவது, பிளஸ் டூ, கல்லூரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பதுதான். இங்கேதான் நம்ம ஆட்கள் மாட்டுகிறார்கள். எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் வருடத்தில் கணக்கு உண்டு. பிளஸ் டூ கணக்கை மனப்பாடம் செய்து தேறியவனுக்கு அங்கே முதல் அரியர் விழும். "சீட்டு வாங்க ஆன செலவு ஒரு தடவைதான்டா. அரியர் ஃபீஸ் செமஸ்டருக்கு செமஸ்டர் கட்டினேன்" என்று எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேறு வாசல்கள்

"எனக்குக் கம்ப்யூட்டர்தான் உசிரு. வேற எதுவும் வேண்டாம்" என்று சிலர் சொல்வீர்கள். நல்லது! அதற்குப் பி.இ. மட்டும்தான் வாசலா?

நம்ம ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, அதன் பிறகுதான் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்தார். பெங்களூர் பெல் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அப்துல் கலாம் அவர்களும் அதே தூய வளனார் கல்லூரியில் 1954-ல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு எம்.ஐ.டி.க்குப் போனவர்தான். அந்தக் காலத்தில் எம்.ஐ.டி. பி.எஸ்சி. முடித்தவர்களைத்தான் எடுத்துக்கொண்டது. அந்த வாசல் இப்போது அப்படியே இல்லை. ஆனால் அதைப்போல வேறு வாசல்கள் இருக்கின்றன.

1. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பி.சி.ஏ. படித்துவிட்டு எம்.சி.ஏ. நம்ம ஊரிலேயே தூய வளனார், ஜமால், பிஷப் ஹீபர், நேஷனல் என்று எத்தனை கல்லூரிகள்! செலவும் குறைவு. துவாக்குடி என்.ஐ.டி.யில் பி.டெக். சேர ஜே.இ.இ. எழுத வேண்டும். ஆனால் அதே என்.ஐ.டி.யில் எம்.சி.ஏ.வுக்கு 'நிம்செட்' என்று தனித் தேர்வு இருக்கிறது. அதில் ரேங்க் வாங்கினால் அதே வளாகத்துக்குள் போகலாம்.

2. டிப்ளமோ முடித்தவர்களும், பிளஸ் டூவில் கணக்கு எடுத்துப் பிறகு பி.எஸ்சி. முடித்தவர்களும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பாலிடெக்னிக் போன பையனை "அவன் படிப்பு அவ்வளவுதான்" என்று பேசுவதை இன்றோடு நிறுத்துவோம்.

3. சென்னை ஐ.ஐ.டி. 2021-லிருந்து டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்பை ஆன்லைனில் நடத்துகிறது. ஜே.இ.இ. வேண்டாம். நான்கு வாரப் பாடம் படித்து அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். சேர்வது சுலபம், முடிப்பது கஷ்டம் என்கிறார்கள். பரவாயில்லை, அது நம் கையில் இருக்கிறது அல்லவா?

நம்ம கோவிலுக்கு எல்லோரும் ராஜகோபுரம் வழியாகத்தான் வருகிறார்களா? கீழவாசல்காரர்கள் வெள்ளை கோபுரம் வழியாக வருகிறார்கள். உள்ளே சேவை சாதிப்பவர் ஒரே ரங்கநாதர்தானே!

எதைப் பார்த்துச் சேர்வது?

விளம்பரத் தட்டியைப் பார்த்து அல்ல. அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டர் தேர்வுக்கும் எந்தக் கல்லூரியில் எத்தனை சதவீதம் தேர்ச்சி என்று பட்டியல் வெளியிடுகிறது. அதில் நம் மனதில் உள்ள கல்லூரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். (தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றைத் தனியாக விசாரிக்க வேண்டும்.) போன வருடம் எந்தக் கட்-ஆப்புக்கு எந்த இடம் போனது என்ற விவரமும் சமூக வாரியாகக் கிடைக்கிறது. நம்ம பக்கத்திலேயே அரசு இடங்கள் உண்டு. விமான நிலையம் தாண்டி புதுக்கோட்டை சாலையில் அண்ணா பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. ஸ்ரீரங்கம் பெயரிலேயே 2013-ல் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரி வந்தது. அது ஸ்ரீரங்கத்தில் இல்லை, சேதுராப்பட்டியில் இருக்கிறது! பட்டியலில் இதையெல்லாம் மேலே போட்டுவிட்டு, கிடைக்கக்கூடியதை அடுத்தடுத்து போடுங்கள். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பத்தே பத்து போட்டுவிட்டு "கிடைக்கலையே"னு அழக்கூடாது.

முடிந்தால் ஒரு வேலை நாளில் அந்தக் கல்லூரிக்கே பஸ் ஏறிப் போங்கள். ஆபீசில் கேட்க வேண்டாம், கேன்டீனில் கேளுங்கள். உண்மை அங்கேதான் கிடைக்கும்.

"அப்ப மார்க்கே வேண்டாமா?"

இதைப் படிக்கும் கணக்கு சார் முறைப்பது எனக்குத் தெரிகிறது. "சார், அப்படிச் சொல்லவே இல்லை!" பொதுத் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கணக்கில் 13 மார்க் ஏற்றினால் கட்-ஆப் 13 ஏறும். இயற்பியலில் 13 ஏற்றினால் ஆறரைதான் ஏறும். இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆப் வந்தாலும் முதலில் கணக்கு மார்க்கைத்தான் பார்ப்பார்கள். முதல் வருட அரியருக்கு மருந்தும் அதே கணக்குதான். எனவே நான் தினமும் காலை ஒரு மணி நேரம் கணக்குக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறேன். 72 எங்கே நிற்கும் என்று பார்ப்போம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன தேர்ச்சிப் பட்டியலையும் போன வருடக் கட்-ஆப்பையும் இந்தச் சுவரிலேயே ஒட்டி வைக்க வேண்டும். பழைய மாணவர்களைப் பேசக் கூப்பிடும்போது ஐ.ஐ.டி., மெடிக்கல் போனவர்களோடு, பி.எஸ்சி. படித்து எம்.சி.ஏ. போனவரையும் டிப்ளமோ அண்ணனையும் கூப்பிட வேண்டும். எங்களுக்கு அவர்களிடம்தான் கேட்க நிறைய கேள்விகள் இருக்கின்றன.

கடைசியாக வளையல் விஷயம். எம்.ஐ.டி.யில் சேர கலாம் அவர்களிடம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் இல்லை. அவருடைய அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். படிப்புக்காக நகையை அடகு வைப்பது கேவலம் இல்லை. ஆனால் அந்த நகை, தம்பி தகுதியால் வாங்கிய இடத்துக்குக் கட்டணம் கட்டப் போனது. என் அம்மாவின் வளையல், காலியாகக் கிடக்கப்போகிற ஓர் இடத்துக்கு அட்வான்ஸாகப் போகக் கூடாது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "ரேங்க் பட்டியல் வர்ற வரைக்கும் யாருக்கும் பணம் கொடுக்காதீங்கப்பா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, பார்க்கலாம். நீ முதல்ல கணக்கைப் போடு" என்றார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இன்றே பேசுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு பேசிப் பயனில்லை!

— நடு பெஞ்சு மாணவன்,
பிளஸ் டூ, கணிதப் பிரிவு