கிழட்டுக் குதிரைக்குச் சவுக்கடி எதற்கு?

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பேர் ஆலோசனையோடு வருவார்கள். ஒருவன், பக்கத்து ஃப்ளாட் இன்ஜினீயரிங் பையன். ‘பிராசஸரை ஓவர்கிளாக் பண்ணிடலாம். பத்து பைசா செலவில்லை’ என்பான். இன்னொருவர் கடைக்காரர். ‘ரொம்பப் பழசு சார். தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்கிடுங்க’ என்பார்.

இரண்டு பேரையும் உடனே நம்பிவிடாதீர்கள்.

முதலில் பையன். கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்தைத் தாண்டி பிராசஸரை ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக். அதற்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1998 ஆகஸ்டில் ‘செலரான் 300ஏ’ என்ற சிப்பை இன்டெல் 149 டாலருக்கு வெளியிட்டது. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால், அதே சிப் பெரும்பாலும் 450-ல் சமர்த்தாக ஓடியது. அதே மாதம் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-வின் விலை 669 டாலர்! சிப்புக்குள் தெம்பு மிச்சம் இருந்தது. பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

இன்று அந்த மிச்சம் இல்லை. 2008-லிருந்து இன்டெல் சிப்புகளில் டர்போ பூஸ்ட் வந்துவிட்டது. சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் சிப் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். மாம்பழச் சாற்றைக் கம்பெனியே பிழிந்துவிட்டது. நமக்குக் கொட்டைதான். அது மட்டுமா? 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை கோர் சிப்புகளிலிருந்து, பெயரின் கடைசியில் ‘கே’ என்ற எழுத்து இருந்தால்தான் சொல்லும்படியாக வேகத்தைக் கூட்ட முடியும் என்று ஆக்கிவிட்டார்கள். ‘கே’ போட்டதற்கு விலை கூடுதல். லேப்டாப் என்றால் பெரும்பாலும் அந்தப் பேச்சே இல்லை.

பத்து பைசா செலவில்லை என்பதும் கதை. ஒரு சின்னக் கணக்கு. வேகத்தை 20 சதவிகிதம் கூட்ட, வோல்டேஜை 10 சதவிகிதம் கூட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 1.2 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.1. ஏறத்தாழ 45 சதவிகிதம் கூடுதல். அத்தனையும் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற ஃபேன் என்னதான் சுற்றினாலும், சிப் அறைச் சூட்டுக்குக் கீழே குளிராது. மே மாதச் சென்னையில் அந்த அறைச் சூடு என்ன என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இன்டெல்லே சூட்டிடம் தோற்றிருக்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று அறிவித்துவிட்டு, 2004 அக்டோபரில் கைவிட்டார்கள். அன்றைய தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட், கூட்டத்தின் முன்னால் விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

இப்போது கடைக்காரர். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள். ‘என் கம்ப்யூட்டர் எதுக்காகக் காத்துக்கிட்டிருக்கு?’

பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி செகண்டு ஆகும். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் அந்த நேரத்தில் மூன்று கோடித் துடிப்புகளைச் சும்மா உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும். ஓவர்கிளாக் செய்தால்? மூன்று கோடியே அறுபது லட்சம் எண்ணும். காத்திருப்பது மட்டும் அதே 10 மில்லி செகண்டு!

அந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். 4 ஜிபி மெமரியை 8 ஆக்குங்கள். ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள். சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்ட சிப், பழையபடி ஓடும். புது மெஷினில் பார்த்து மயங்குகிறோமே, அந்த வேகத்தில் பெரும் பங்கு புது பிராசஸருடையது அல்ல, எஸ்எஸ்டியுடையது.

புது பிராசஸரே வேண்டாமா? வேண்டும், வீடியோ எடிட்டிங், முப்பரிமாண அனிமேஷன் என்று நிஜமாகவே அதைப் பிழிகிற வேலை செய்பவர்களுக்கு. அவர்கள் பழையதைச் சவுக்கால் அடிப்பதும் வீண். 2011-ன் நாயகன் ‘கோர் ஐ5 2500கே’. அதை 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு விரட்டினாலும், 2022-ல் வந்த சாதாரண ‘ஐ3 12100’-இடம் தோற்கும். ஒவ்வொரு துடிப்பிலும் புதியது அதிக வேலை செய்கிறது. அடிப்படை மின்கணக்கும் 95 வாட்டுக்குப் பதில் 60தான்.

ஆனால் பரீட்சைக்கு ப்ராஜெக்ட் டைப் அடிக்கும் பிள்ளைக்கும், ரயில் டிக்கெட் எடுக்கும் அப்பாவுக்கும் இந்தச் செலவைத் தலையில் கட்டுவது அநியாயம். நம் பொருள் பழசாகிவிட்டது என்று யார் முடிவு செய்கிறார்கள்? 2010-ல் இன்டெல் ஒரு வேடிக்கை செய்தது. பென்டியம் ஜி6951 என்ற சிப்பில் சில வசதிகளைப் பூட்டி விற்றது. 50 டாலருக்கு ஒரு கார்டு வாங்கி நம்பரைத் தட்டினால் பூட்டு திறக்கும். காசு கொடுத்து வாங்கிய சிப்புக்குள் ஏற்கெனவே இருப்பதைத் திறக்க மறுபடி காசு! எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த வருடம் திட்டம் போய்விட்டது. பூட்டுகிற புத்தி போகவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளை ஏற்பதில்லை. 2016-ல் வாங்கிய நல்ல மெஷின், ஒரு துடிப்புகூடக் குறையாமலே, ஒரே நாளில் ‘கிழம்’ ஆகிவிட்டது. அதில் லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை கம்ப்யூட்டர் திணறும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு எப்போதும் 100-ஐத் தொட்டு நின்றால், எந்த புரோகிராம் தின்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டிய வேலையேதான் என்றால் புதுசு வாங்குங்கள். சிபியு 15-லும் டிஸ்க் 100-லும் நின்றால், பர்ஸை உள்ளே வையுங்கள். ஒரு எஸ்எஸ்டிக்கு மட்டும் காசு எடுங்கள்.