முன்னால் நடக்காதீர்கள், சார்!

உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆகிறது? இருபதா, முப்பதா? சரி, ஒரு சின்னக் கேள்வி. உங்கள் மனைவி படியேறும்போது எத்தனையாவது படியில் நின்று மூச்சு வாங்குகிறார் என்று சொல்ல முடியுமா?

என்னால் சொல்ல முடியாது. நான் சித்த மருத்துவன். பாளையங்கோட்டையில் படித்தவன். தினமும் நாற்பது பேருக்கு நாடி பார்க்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரிய 28 வருஷக் குடித்தனம் போதவில்லை. இத்தாலிக் கடற்கரைக்குப் போகவேண்டியிருந்தது!

எங்கள் மகள் மிலான் நகரத்தில் வேலை பார்க்கிறாள். 2023 மே மாதம் நானும் என் மனைவியும் அவளைப் பார்க்கப் போனோம். போன நாலாவது நாளே, "அப்பா, எனக்கு லீவு கிடையாது. நீங்களும் அம்மாவும் ரெண்டு பேர் மட்டும் தெற்குப் பக்கம் ஒரு எட்டு நாள் போயிட்டு வாங்க" என்று ரயில் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டாள். எங்களுக்கு இத்தாலி மொழியில் தெரிந்தது இரண்டே வார்த்தை. 'கிராட்ஸியே' என்றால் நன்றி. 'பொன்ஜோர்னோ' என்றால் வணக்கம். புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்று, ஊறுகாய் ஒன்று, மனைவியின் முழங்கால் தைலம் ஒன்று. கிளம்பிவிட்டோம்.

முதலில் இறங்கிய ஊர் சலேர்னோ. நேப்பிள்ஸுக்குத் தெற்கே இருக்கிற துறைமுக ஊர். ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதும் இந்த ஊரை மருத்துவ ஊர் என்றுதான் சொல்லும். 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் புகழின் உச்சியில் இருந்த மருத்துவப் பள்ளி இங்கே இருந்தது. ட்ரோட்டா என்ற பெண் மருத்துவர் 12-ஆம் நூற்றாண்டில் இங்கே வைத்தியம் பார்த்திருக்கிறார். 1811-ல் பள்ளியை மூடிவிட்டார்கள். ஆனால் மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்த மூலிகைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்தேயோ சில்வாத்திகோ என்ற மருத்துவர் மாணவர்களுக்குச் செடி காட்டிப் பாடம் சொன்ன இடம்.

அங்கே போனதும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. நாம் வாதம், பித்தம், கபம் என்று மூன்று சொல்கிறோம். அவர்கள் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு சொன்னார்கள். நமக்குப் பூதம் ஐந்து. அவர்களுக்கு நிலம், நீர், தீ, காற்று என்று நான்குதான். "பாத்தியா, ஆகாயத்தை விட்டுட்டாங்க!" என்று பெருமையாகத் திரும்பினேன். பேச்சுத் துணையைக் காணோம். கீழே, படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, அதுக்குள்ள களைச்சுட்டியா?"

"நீங்க போய்ப் பாருங்க. நான் இங்கேயே ஆகாயத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

நானும் சிரித்துவிட்டு மேலே போய்விட்டேன். வைத்தியன் கோட்டைவிட்ட முதல் இடம் அது.

மறுநாள் அமால்ஃபிக்குப் பஸ். 25 கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றேகால் மணி நேரம். ஒரு பக்கம் செங்குத்தான மலை, இன்னொரு பக்கம் கடல். நடுவில் நம் ஊர்ச் சந்து மாதிரி ரோடு. வளைவுக்கு வளைவு டிரைவர் ஹாரன் அடிக்கிறார். எதிரே இன்னொரு பஸ் வந்தால் இரண்டு டிரைவர்களும் கையை ஆட்டிப் பேசி, ஒருவர் பின்னால் போய், இரண்டு பஸ்ஸும் உரசாமல் விலகும். ஜன்னல் ஓரத்தில் இருந்த என் மனைவி கீழே கடலைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். "நீங்க தேடின ஆகாயம் இங்கதாங்க இருக்கு" என்றாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்தேன். அவள் இப்படிப் பேசுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் இன்னொரு கூத்து. நாங்கள் சைவம். மெனு அட்டையில் 'பெப்பரோனி' என்று பார்த்ததும், "ஐயோ, அது கறிங்க!" என்று பதறினாள். அமெரிக்கப் பீட்சாக் கடையில்தான் பெப்பரோனி என்றால் இறைச்சி. இத்தாலியில் அது வெறும் குடைமிளகாய்! கடைக்காரப் பாட்டி சமையல்கட்டுக்குள் போய் ஒரு சிவப்புக் குடைமிளகாயைக் கொண்டுவந்து ஆட்டிக் காட்டினார். அப்புறம் பீன்ஸ் போட்ட பாஸ்தா, கத்தரிக்காய், கீரை, எல்லாவற்றின் மேலும் எலுமிச்சை.

அந்த எலுமிச்சையைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் எலுமிச்சை மாதிரி உருண்டை இல்லை. நீளமாக, முனை கூராக, கைக்கு அடங்காத பழம். தோலுக்குள் இருக்கும் வெள்ளைச் சதை கசப்பதே இல்லை. வட்டமாக நறுக்கி, சர்க்கரை தூவி, அப்படியே தின்கிறார்கள். மலையைப் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, செஸ்ட்நட் மரக்கழிகளில் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். வண்டி போக வழி இல்லாத அந்தத் தோட்டங்களிலிருந்து முற்காலத்தில் பழத்தைத் தோளில் சுமந்து கடற்கரைக்கு இறக்கியவர்கள் பெண்கள்தான். அவர்களுக்கு 'ஃபார்மிகெல்லே' என்று பெயர். சின்ன எறும்புகள் என்று அர்த்தம்.

மயோரி என்ற ஊரிலிருந்து மினோரி என்ற பக்கத்து ஊருக்கு, இந்தத் தோட்டங்களின் ஊடே ஒரு நடைபாதை போகிறது. எலுமிச்சைப் பாதை என்றே அதற்குப் பெயர். பாதை என்று சொல்கிறார்களே தவிர, முக்கால்வாசி படிக்கட்டு. நான் வழக்கம்போல முன்னால் போனேன். இருபது படிக்கு ஒரு தடவை திரும்பி, "வா, வா" என்றேன். மூன்றாவது தடவை திரும்பியபோது சுவரில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். நாடி குதிரை மாதிரி ஓடியது. நகத்தைப் பார்த்தேன், வெள்ளை. கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்கவேண்டிய இடம் காகிதம் போல இருந்தது. எங்கள் மருத்துவத்தில் பாண்டு என்போம். நீங்கள் ரத்தசோகை என்பீர்கள்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ஒரு வருஷம் இருக்கும். மாடியில துணி காயப்போடப் போனா நடுவுல ஒரு தடவை உக்காந்துட்டுத்தான் போவேன்."

"மாசாமாசம் போக்கு அதிகமா இருக்கா?"

"51 வயசாச்சு. நிக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"பச்சை அரிசி எடுத்து மெல்றியா?"

அவள் சிரித்துவிட்டாள். "அதுகூட உங்களுக்குத் தெரியுமா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களைப் பாக்கணும்னா கிளினிக்ல டோக்கன் வாங்கணுமே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதினான்கு சொல்கிறோம். தும்மல், பசி, தூக்கம், கண்ணீர் என்று போகும் அந்தப் பட்டியலில் 'இளைப்பு' என்று ஒன்று உண்டு. களைப்பை அடக்காதே என்பதைப் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கினவன் நான். என் வீட்டிலேயே ஒருத்தி ஒரு வருஷமாக இளைப்பை அடக்கிக்கொண்டு, எனக்கு இட்லி அவித்துப் போட்டிருக்கிறாள். ஊரில் இருந்தபோது நான் அவளைத் தினமும் பார்த்தேன். ஆனால் அவள் கூட நடக்கவில்லை. அதனால் தெரியவில்லை.

அன்று மாலையே மகளுக்குப் போன் செய்தேன். மறுநாள் ஓர் இத்தாலி டாக்டரைப் பார்த்தோம். இதயத்தில் கோளாறு இல்லை என்று பார்த்துச் சொன்னார். படியேறினால் மூச்சு வாங்குவதை எல்லாம் ரத்தசோகை என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. ஹீமோகுளோபின் 7.9. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. "மெதுவாகப் போங்கள். ஊருக்குப் போனதும் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்" என்றார், இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து.

மீதி நாட்களில் பட்டியலைத் தூக்கிப் போட்டோம். படியேறவில்லை. பஸ்ஸுக்குப் பதில் படகு. அமால்ஃபி தேவாலயத்தின் உயரமான படிக்கட்டைக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தே ரசித்தோம். சாயங்காலமானால் அந்த ஊர்க்காரர்கள் கடலோரம் மெல்ல உலாத்துகிறார்கள். அதற்கு 'பாஸெஜியாதா' என்று தனிப் பெயரே உண்டு. எழுபது வயதுத் தாத்தா பாட்டியின் கையைக் கோத்துக்கொண்டு, பத்தடிக்கு ஒரு தடவை நின்று யாரிடமாவது பேசிக்கொண்டு போகிறார். அந்த வேகம் எங்களுக்குச் சரியாக இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், பயணத்தில் நாங்கள் அதிகம் சிரித்தது அந்த ஐந்து நாட்கள்தான்.

கடைசியாக, சலேர்னோவுக்குத் தெற்கே சிலெந்தோ கடற்கரையில் பியோப்பி என்ற மீனவ ஊருக்குப் போனோம். 'மத்தியதரைக்கடல் உணவு' என்று இன்று எல்லோரும் பேசுகிறார்களே, அதை உலகத்துக்குச் சொன்ன அமெரிக்க விஞ்ஞானி ஆன்ஸல் கீஸ் பல பத்தாண்டுகள் வாழ்ந்த ஊர் அது. அவர் மட்டுமா? மனைவி மார்கரெட்டும் உயிர்வேதியியல் படித்தவர். 1952-ல் நேப்பிள்ஸில் ரத்தக் கொழுப்பை அளந்தவர் மார்கரெட். இருவரும் சேர்ந்தே சமையல் புத்தகங்கள் எழுதினார்கள். அவர் 2004-ல் 100 வயதில் காலமானார், மார்கரெட் 2006-ல் 97 வயதில். கீஸின் ஆராய்ச்சியில் குறை கண்டவர்களும் உண்டு. 2010-ல் யுனெஸ்கோ அந்த உணவுமுறையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, இத்தாலியின் சார்பில் முன்னிறுத்தப்பட்ட பகுதி இந்த சிலெந்தோதான்.

இதைப் படித்துவிட்டு ஆலிவ் எண்ணெய் வாங்க ஓடாதீர்கள்! எண்ணெய் அங்கே ஒரு பங்குதான். நடை, நிதானம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்க நேரம் இருப்பது, இவையும் சேர்ந்ததுதான் அந்த வாழ்க்கை. இந்தப் பங்கைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது.

ஊருக்கு வந்ததும் மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேன். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருந்தது. அதனால்தான் போக்கு. எங்களிடம் கரிசலாங்கண்ணி இருக்கிறது, அன்னபேதிச் செந்தூரம் இருக்கிறது. ஆனால் காரணம் தெரியாமல் இரும்பு மட்டும் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. அந்த அம்மாவின் சிகிச்சையைத்தான் தொடர்ந்தோம். நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.8-க்கு வந்துவிட்டது.

ஆகவே, ஐம்பதைத் தொட்ட தம்பதிகளுக்கு என் யோசனை இதுதான். 'பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும், ரிட்டையர் ஆகட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு வாரம், இரண்டே பேர், எங்காவது போங்கள். இத்தாலிதான் வேண்டும் என்பதில்லை, தரங்கம்பாடிக் கடற்கரையும் கடற்கரைதான். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். மெதுவாக நடப்பவர் எவரோ, அவர் வேகமே இருவருக்கும் வேகம். கிளம்புமுன் இருவரும் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு நிற்கும் வயதில் அதிகப்போக்கு இருந்தால் 'அப்படித்தான்' என்று விடாதீர்கள். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். காபி, டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

'இதெல்லாம் பணக்காரர்களுக்கு' என்பீர்கள். சாயங்காலம் தெருமுனை வரை சேர்ந்து நடக்கப் பணம் வேண்டாம். முன்னால் நடக்காமல் இருந்தால் போதும்.

நாங்கள் இப்போது தினமும் ஆறு மணிக்கு நடக்கிறோம். நேற்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் தெருமுனைக்கே போய்விட்டாள். அங்கிருந்து திரும்பிக் கத்தினாள்:

"என்னங்க... டோக்கன் வாங்கிட்டீங்களா?"